விழைவும் விளம்பரமும்

பேச்சினால் பிறரை இணங்க வைக்கும் ஆற்றல் மனிதனுக்கு வாய்த்த பெரும்பேறுகளுள் ஒன்று. தாய் குழந்தையை உண்ண வைப்பதும், ஆசிரியர் மாணவனைப் படிக்க வைப்பதும், நண்பன் நண்பனைத் தீய வழியினின்று திருப்புவதும் இவ்வாற்றலால்தான். வள்ளுவப் பெருந்தகை சொல்வன்மைக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். வாய்மைக்கெனவும் ஓர் அதிகாரம் வகுத்தார். இரண்டும் ஒருவரிடத்தே சேர்ந்திருந்தால் உலகுக்கு நன்மை. வன்மை மட்டும் வளர்ந்து வாய்மை தேய்ந்தால் என்னாகும்? பொய் சொல்லவில்லை என்று வாதாடக்கூடிய அளவுக்கு மட்டும் வாய்மையை வைத்துக்கொண்டு, கேட்பவரை அவர் அறியாமலே ஒரு பக்கம் சாய்த்துவிடும் பேச்சை அறம் என்பதா, அறமன்று என்பதா?

இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. நம் இல்லங்களின் கூடத்தில் நாள்தோறும் எழுவது. தொலைக்காட்சியில் நிகழ்ச்சிகளுக்கு இடையிடையே தோன்றும் விளம்பரங்கள் நம்மை எவ்வாறு இணங்க வைக்கின்றன, அவ்வாறு செய்வது தகுமா, நாம் செய்யத்தக்கது யாது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம்.

கொடியும் திரையும்

விளம்புதல் என்றால் சொல்லுதல் என்பது பொருள். நாஞ்சில் நாட்டில் இலையில் உணவு பரிமாறுவதையும் விளம்புதல் என்பர். உள்ளதைச் சொல்வதும், உள்ளதைப் படைப்பதும் ஆகிய இரண்டு நல்ல பொருள்கள் அச்சொல்லில் அடங்கியுள்ளன.

தமிழர்க்கு வணிகமும் புதிதன்று. வணிக அறிவிப்பும் புதிதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்தில் பறந்த பலவகைக் கொடிகளைக் காட்டுகின்றது. கள் விற்கும் மனையின் வாயிலில் ஒரு கொடி பறக்கின்றது. கலைகளில் துறைபோகிய ஆசிரியர்கள் வாதிடுவதற்கு அறைகூவி உயர்த்திய கொடியும் அவ்வூரில் பறக்கின்றது. முதற்கொடி, இங்கே இப்பொருள் கிடைக்கும் என்று அறிவித்தது, அவ்வளவோடு அமைந்தது. இரண்டாம் கொடியோ, நான் சொல்வதை மறுக்க வல்லவர் வருக என்று அழைத்தது. அந்நகரத்து வணிகரையும் புலவர் போற்றுகின்றார். வாங்குங்கால் அளவுக்கு மேல் எடுக்காமலும், விற்குங்கால் அளவில் குறை வைக்காமலும் நடுநிலை பிறழாது வாழ்ந்தவர்கள் அவர்கள் என்பது அவர் தரும் சான்று.

இன்றைய சின்னத்திரை விளம்பரம் அறிவிப்போடு நின்றுவிடுவதில்லை. நம் நெஞ்சுக்குள் புகுந்து விழைவை உண்டாக்க முனைகின்றது. ஆயினும் மறுத்துப் பேச அழைக்கும் கொடி அதனிடம் இல்லை. அது பேசும், நாம் கேட்போம். நாம் வினவினால் அதற்குச் செவி இல்லை. பழைய கொடிக்கும் புதிய திரைக்கும் உள்ள வேற்றுமை இதுவே.

நம் நாட்டில் தொலைக்காட்சி 1959ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் டெல்லியில் சோதனை முறையில் தொடங்கிற்று. சென்னை நிலையம் 1975 ஆகஸ்டு 15ஆம் நாள் பிறந்தது. தூரதர்ஷனில் வணிக விளம்பரங்கள் 1976 சனவரி முதல் நாள் இடம் பெறலாயின. 1982ஆம் ஆண்டு வண்ண ஒளிபரப்பு வந்தது. 1984ஆம் ஆண்டு ‘ஹம் லோக்’ என்னும் தொடர் தொடங்கியபொழுது அதற்குப் பொருளுதவி செய்தது, அப்பொழுதுதான் நம் நாட்டில் அறிமுகமாகியிருந்த மேகி நூடுல்ஸ். இட்டலியும் ரொட்டியும் உண்டு வளர்ந்த நாட்டில் அதுவரை பெயரும் அறியாத ஓர் உணவு, குடும்பக் கதையொன்றின் தோள்மீது ஏறி வீடுகளுக்குள் நுழைந்தது. தொடரைப் பார்க்க அமர்ந்தவர் உணவையும் பார்த்தார். கதைமாந்தர் மீது கொண்ட பரிவின் ஒரு துளி, கதைக்கு முன்னும் பின்னும் தோன்றிய பண்டத்தின் மீதும் தெறித்தது.

இணங்க வைக்கும் வழிகள்

கேட்போரை இணங்கச் செய்ய மூன்று வழிகள் உண்டென்று கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டில் வகுத்தார். பேசுபவரின் நற்பெயர் ஒன்று. கேட்பவரின் உணர்ச்சி மற்றொன்று. பேச்சில் அமைந்த காரணம் மூன்றாவது. பத்து நொடியோ முப்பது நொடியோ மட்டுமே பெற்ற விளம்பரத்திற்குக் காரணங்களை அடுக்க நேரம் இல்லை. ஆதலின் அது முதலிரு வழிகளையே பெரிதும் நாடுகின்றது. நம் நாட்டில் பெரும்புகழ் பெற்ற சில விளம்பரங்களைக் கொண்டு இதனை விளக்கலாம்.

முதலாவது வழி, மீண்டும் மீண்டும் தோன்றுதல். பலமுறை கண்ட ஒன்றை, கண்டோம் என்ற ஒரே காரணத்தால் மனம் விரும்பத் தொடங்கும் என்பதை ராபர்ட் சயான்ஸ் என்னும் உளவியல் அறிஞர் 1968ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் காட்டினார். பொருளற்ற சொற்களையும், சீன எழுத்தைப் போன்ற வடிவங்களையும் சிலருக்கு அவர் காட்டினார். அடிக்கடி கண்டவற்றையே அவர்கள் நல்ல பொருள் உடையவை என்று கருதினர். நிர்மா சலவைத் தூளின் பாட்டை நினைவுகூர்வோம். நாற்பது வயதைத் தாண்டிய எவரும் அதன் மெட்டை இன்றும் முணுமுணுக்க வல்லவர். அதனை மனப்பாடம் செய்ய எவரும் முயன்றதில்லை. அது தானே வந்து குடியேறியது. கடையில் பத்துத் தூள்கள் வரிசையாக நிற்கும்பொழுது, நாவில் முதலில் வரும் பெயரே பைக்குள்ளும் முதலில் விழுகின்றது.

இரண்டாவது வழி, நம்பத்தக்கவர் போன்ற ஒருவரைப் பேச வைத்தல். அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் 1969ஆம் ஆண்டு தொடங்கிய நிர்மா, சர்ஃபின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக விற்றது. இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் சர்ஃபுக்கு இது பெருஞ்சோதனையாயிற்று. விலையைக் குறைக்காமல் வாங்குவோரை எவ்வாறு தக்கவைப்பது? அலிக் பதம்சியின் தலைமையில் லிண்டாஸ் விளம்பர நிறுவனம் லலிதாஜி என்னும் இல்லத்தரசியைப் படைத்தது. நீலக்கரைச் சேலையுடன், கண்டிப்பான பார்வையுடன், காய்கறிக் கடையில் பேரம் பேசும் பெண்ணாக நடிகை கவிதா சௌத்ரி தோன்றினார். மலிவான பொருள் வேறு, நல்ல பொருள் வேறு என்பது அப்பெண் நாட்டுக்குச் சொன்ன பாடம்.

இவ்விளம்பரத்தின் நுட்பம் எண்ணி வியத்தற்குரியது. விலை கூடுதல் என்பதை அது மறுக்கவில்லை. விலை என்னும் சொல்லை மெல்ல விலக்கி, மதிப்பு என்னும் சொல்லை அவ்விடத்தில் அமர வைத்தது. கூடுதல் விலை கொடுப்பவள் ஏமாளி என்றிருந்த எண்ணத்தை மாற்றி, அவளே கெட்டிக்காரி என்றாக்கியது. காரணம் ஒன்றும் சொல்லப்படவில்லை என்று கூறிவிட முடியாது. துணி துவைக்கக் குறைந்த அளவு தூள் போதும் என்ற கணக்கும் அதில் உண்டு. ஆனால் அக்கணக்கை நாம் சரிபார்க்கவில்லை. சிக்கனம் தெரிந்த அந்த முகத்தையே நம்பினோம்.

மூன்றாவது வழி, அன்பைக் கடனாக்குதல். பிரஸ்டீஜ் குக்கருக்கு எண்பதுகளில் வந்த விளம்பரத்தின் சாரம் இது: மனைவியை நேசிப்பவன் இந்தக் குக்கரை வேண்டாம் என்று சொல்ல மாட்டான். குக்கரின் பாதுகாப்பு வால்வு நல்லதா என்பது ஒரு கேள்வி. மனைவியிடம் அன்பு உண்டா என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் ஒரே முடிச்சில் கட்டிவிட்டால், பொருளை மறுப்பவன் அன்பையே மறுத்தவன் ஆகின்றான். அந்தக் குக்கர் நல்ல குக்கராகவே இருக்கலாம். எனினும் அன்பு என்பது கடையில் சான்று காட்ட வேண்டிய ஒன்றாகிவிட்டது. குழந்தைகளுக்கான சத்துமாவுப் பானங்களும் இதே வழியைப் பின்பற்றுகின்றன. நல்ல தாய் எந்தப் புட்டியை வாங்குவாள் என்று கேட்டால், வாங்க இயலாத தாயின் நெஞ்சு என்ன பாடுபடும்? இத்தகைய பானங்களைச் ‘சத்துப்பானம்’ என்று இணையக் கடைகள் வகைப்படுத்தி விற்கலாகாதென்று நடுவண் அரசின் வணிக அமைச்சகம் 2024 ஏப்ரலில் அறிவுறுத்தியது. அப்படியொரு வகை உணவுச் சட்டத்தில் வரையறுக்கப்படவே இல்லை என்பதுதான் காரணம். பல தலைமுறைத் தாய்மார்கள் சட்டத்தில் இல்லாத ஒரு பெயரை நம்பி வாங்கியிருக்கின்றனர்!

நான்காவது வழி, குற்றமெனக் கருதப்பட்டதைக் குணமாக்குதல். ஒனிடா தொலைக்காட்சிப் பெட்டியின் விளம்பரத்தில் கொம்பும் வாலும் உடைய சாத்தான் ஒருவன் தோன்றினான். அண்டை வீட்டாரின் பொறாமையே உடையவருக்குப் பெருமை என்பது அவன் வாயிலாகச் சொல்லப்பட்ட செய்தி. அழுக்காறு கூடாதென்று திருக்குறளில் ஓர் அதிகாரமே உண்டு. அங்கு தன் நெஞ்சில் அழுக்காறு கொள்ளாமை அறமாகச் சொல்லப்பட்டது. இங்கு பிறர் நெஞ்சில் அழுக்காற்றை விளைவிப்பது மகிழ்ச்சியாகக் காட்டப்பட்டது. அடுத்த வீட்டாரோடு மோரும் கறிவேப்பிலையும் பகிர்ந்து வாழ்ந்த தெருவில், அடுத்த வீட்டார் வெறும் பார்வையாளர் ஆனார்கள். விளம்பரத்தைக் கண்டு நாம் சிரித்தோம். சிரிப்பின் வழியே நுழையும் கருத்துக்குக் காவல் குறைவு.

ஐந்தாவது வழி, அழகை ஒட்டவைத்தல். லிரில் சோப்பின் விளம்பரம் 1975ஆம் ஆண்டு வந்தது. அருவியில் ஓர் இளம்பெண் துள்ளி நீராடும் காட்சி அது. படம் எடுக்கப்பட்ட இடம் நம் கொடைக்கானலை அடுத்த பாம்பார் அருவி. அவ்வருவியை இன்றும் பலர் லிரில் அருவி என்றே வழங்குகின்றனர். அருவியின் குளிர்ச்சியைச் சோப்பு கடன் வாங்கியது. கடைசியில் சோப்பின் பெயரை அருவி சுமக்கலாயிற்று. விளம்பரத்தின் வலிமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ? அருவியின் பெயரையே மாற்ற வல்லது மனத்தின் விருப்பத்தை மாற்றுவது அரிதன்று.

ஆறாவது வழியே மிகக் கொடியது. அது, இல்லாத குறையை உண்டாக்கி அதற்கு மருந்து விற்றல். ஃபேர் அண்ட் லவ்லி என்னும் முகப்பூச்சு 1975 முதல் நம் நாட்டில் விற்கப்பட்டது. கருநிறம் உடைய பெண்ணுக்கு வேலை இல்லை, மணம் இல்லை, மதிப்பும் இல்லை. நிறம் வெளுத்ததும் அனைத்தும் வந்து சேரும் என்பதே அத்தகைய விளம்பரங்கள் சொல்லி வந்த கதை. மகன் இல்லையே என்று தந்தை ஏங்க, மகள் முகப்பூச்சினால் வேலை பெற்றுத் தந்தையின் துயர் தீர்ப்பதாக அமைந்த ஒரு விளம்பரத்தை எதிர்த்து அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் போராடியது. 2003ஆம் ஆண்டு அது நிறுத்தப்பட்டது. கருநிறத்தைத் தாழ்வாகக் காட்டும் விளம்பரம் கூடாதென்று விளம்பரத் தர மன்றம் 2014ஆம் ஆண்டு நெறி வகுத்தது. 2020ஆம் ஆண்டு அம்முகப்பூச்சின் பெயரே ‘க்ளோ அண்ட் லவ்லி’ என மாறியது. பெயர் மாற நாற்பத்தைந்து ஆண்டுகள் சென்றன. அந்நாற்பத்தைந்து ஆண்டுகளில் கண்ணாடியின் முன் நின்று கண் கலங்கிய பெண்களை எண்ணியவர் யார்?

பொற்கொல்லன் பேச்சு

விளம்பரங்கள் பொய் சொல்லவில்லையே, உண்மையைத்தானே அழகுபடுத்திச் சொல்கின்றன என்று சிலர் கேட்கலாம். சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதை இதற்கு விடை தருகின்றது. கோவலனைக் கண்ட காவலர், இவன் தோற்றத்தைப் பார்த்தால் கள்வனாகத் தோன்றவில்லையே என்று தயங்கினர். உண்மையில் சிலம்பைத் திருடியவனாகிய பொற்கொல்லன் சிரித்தான். கள்வர்க்குத் துணையாகும் எட்டினைக் களவு நூல் கூறுவதாக அவன் விரித்துரைத்தான். மந்திரத்தையும் மருந்தையும் நிமித்தத்தையும் அவன் எடுத்துக் காட்டினான். பழைய களவுக் கதைகளையும் சான்றாக்கினான். அவன் சொன்ன நூற்செய்திகள் பொய் என்று காவலரால் சொல்ல இயலவில்லை. ஆனால் அவற்றுக்கும் கோவலனுக்கும் தொடர்பில்லை. தொடர்பை வினவும் முன்னரே அச்சம் அவர்களைப் பற்றிக்கொண்டது. கல்வியில்லாத, கள் மயக்கத்தில் இருந்த ஒருவன் வாளை ஓங்கினான்.

விளம்பரத்தில் வரும் அருவி உண்மை. அதன் குளிர்ச்சி உண்மை. தாயின் அன்பு உண்மை. குழந்தை வளர்வதும் உண்மை. அவற்றுக்கும் பண்டத்துக்கும் உள்ள தொடர்பு மட்டுமே ஐயத்துக்குரியது. அத்தொடர்பை விளம்பரம் வாயால் சொல்வதில்லை. இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டிவிட்டு, முடிச்சுப் போடும் வேலையை நம் மனத்திடமே விட்டுவிடுகின்றது. நாமே போட்ட முடிச்சை நாம் ஐயுறுவதில்லை.

எதிர்வாதமும் கேட்கத்தக்கதே

ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்பு வழங்குதல் முறையாகாது. விளம்பரத்தால் விளைந்த நன்மைகளும் பல. புதியதொரு நல்ல பொருள் இருப்பதே விளம்பரம் இல்லாவிடின் பலருக்குத் தெரியாது. சிறு முதலாளியும் பெருமுதலாளியோடு போட்டியிட அது துணை நிற்கின்றது. மிதிவண்டியில் வீடு வீடாகச் சென்று தூள் விற்றவர் நாடறிந்த நிறுவனத்தை எழுப்பியது விளம்பரத்தின் துணையால் அன்றோ? கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன், புட்டியில் இருந்த ஷாம்புவைச் சிற்றுறையில் அடைத்து எளியவர் கைக்கு எட்டச் செய்தார். அவர் குடும்பத்தார் அதனைத் தொடர்ந்து வளர்த்தனர். சிற்றூர்களில் அச்செய்தி பரவியதில் விளம்பரத்துக்குப் பெரும்பங்கு உண்டு.

இன்னொன்றும் எண்ணத்தக்கது. இளம்பிள்ளை வாதத்தை ஒழிக்கச் சொட்டு மருந்து கொடுங்கள் என்று நடிகர் அமிதாப் பச்சன் தொலைக்காட்சியில் தோன்றி, பெற்றோரை உரிமையோடு கடிந்துகொண்டார். அவ்விளம்பரமும் நோயியல் பாடம் நடத்தவில்லை. புகழ் பெற்ற முகமும், உணர்ச்சியும், திரும்பத் திரும்பச் சொல்லுதலுமே அதன் கருவிகள். பல்லாயிரவர் உழைப்போடு அக்குரலும் சேர்ந்தது. 2011 சனவரிக்குப் பின் நம் நாட்டில் அந்நோய் எவருக்கும் இயற்கையாகத் தொற்றவில்லை. 2014 மார்ச் 27ஆம் நாள் இந்தியா அந்நோயினின்று விடுபட்டதாக உலக நலவாழ்வு நிறுவனம் சான்று அளித்தது.

ஆகவே, உணர்ச்சியைத் தொடுவதே குற்றம் என்று சொல்ல இயலாது. அவ்வாறு சொன்னால் தாலாட்டும் குற்றமாகிவிடும். கருவிகள் ஒன்றே. நல்லதையும் தீயதையும் பிரிக்கும் கோடு வேறெங்கோ உள்ளது.

அறத்தின் உரைகல்

அக்கோடு எது? நாம் கருதும் உரைகல் இது: தம்மை எவ்வாறு இணங்க வைத்தார்கள் என்பதைக் கேட்டவர் முழுதும் அறிந்த பின்னும், அவர் இணக்கம் நிலைத்து நிற்குமா? நிற்குமாயின் அப்பேச்சு அறத்தோடு பட்டது. அறிந்தவுடன் அவர் சினமோ நாணமோ கொள்வாராயின், அப்பேச்சு அறத்தினின்று விலகியது.

சொட்டு மருந்து விளம்பரத்தை இவ்வுரைகல்லில் தேய்த்துப் பார்ப்போம். ‘உங்களுக்குப் பிடித்த நடிகரைக் கொண்டு உங்களைக் கடிந்துகொண்டோம், உங்கள் குழந்தை கால் முடங்காமல் நடக்க வேண்டும் என்பதற்காகச் செய்தோம்’ என்று அம்மறைபொருளை வெளிப்படையாகச் சொன்னால், எந்தத் தாயும் நன்றியே சொல்வாள். லலிதாஜியைத் தேய்த்தால் பாதி தேறும்; குறைந்த தூள் போதும் என்னும் கணக்கு மெய்யானால் இணக்கம் நிற்கும், பொய்யானால் உதிரும். முகப்பூச்சைத் தேய்த்துப் பார்ப்போம். ‘உன் நிறத்தில் குறை இல்லை, குறை உண்டென்று நீ நம்பினால்தான் எங்கள் பண்டம் விற்கும், ஆதலால் நம்ப வைத்தோம்’ என்று ஒரு பெண்ணிடம் நேரே சொல்ல எந்த வணிகன் துணிவான்? சொல்லத் துணியாத ஒன்றைச் செய்யத் துணிந்ததே குற்றம்.

அமெரிக்க இதழாளர் வான்ஸ் பேக்கார்டு, மறைந்து நின்று மனத்தை இயக்குவோரைப் பற்றி 1957ஆம் ஆண்டிலேயே ஒரு நூல் எழுதினார். மறைவு என்பதே அவர் சுட்டிய நோய். கதவைத் தட்டி வருபவன் விருந்தினன். ஓடு பிரித்து வருபவனுக்கு வேறு பெயர் உண்டு. அவன் கையில் பரிசுப்பொருள் இருந்தாலும் பெயர் மாறாது.

குழந்தைகளின் நிலை தனித்துக் கருதத்தக்கது. எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் விளம்பரத்தின் உள்நோக்கத்தை உணர்ந்துகொள்ளும் திறம் பெறவில்லை என்று அமெரிக்க உளவியல் கழகத்தின் குழு 2004ஆம் ஆண்டு அறிவித்தது. பெரியோர்க்குச் சொல்லப்படும் உள்நோக்கத்தைப் பெரியோர் ஓரளவு உய்த்துணர்வர். குழந்தையோ, திரையில் சிரிக்கும் கரடி தன் நண்பன் என்றே நம்பும். எனவே நம் உரைகல்லைக் குழந்தையிடம் வைத்துப் பார்க்கவே இயலாது. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளை நோக்கிய தொலைக்காட்சி விளம்பரங்களைச் சுவீடன் நாடு 1991ஆம் ஆண்டிலேயே தடை செய்தது. அஃது ஓர் அறிவார்ந்த அச்சம்.

சட்டமும் அதன் எல்லையும்

நம் நாட்டிலும் சட்டம் உறங்கவில்லை. 1985ஆம் ஆண்டு விளம்பரத் துறையினர் தமக்குத் தாமே ஒரு தர மன்றம் அமைத்துக்கொண்டனர். 1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தாய்ப்பாலுக்கு மாற்றான பால்மாவுகளை விளம்பரம் செய்வதை 1992ஆம் ஆண்டுச் சட்டமும், புகையிலை விளம்பரத்தை 2003ஆம் ஆண்டுச் சட்டமும் தடுத்தன. 2019ஆம் ஆண்டின் புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், திரிபுணர்ச்சி ஊட்டும் விளம்பரத்துக்கு முதல் முறை பத்து இலட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் ஐம்பது இலட்சம் ரூபாய் வரையிலும் தண்டம் விதிக்க இடமளிக்கின்றது. பண்டத்தைப் பரிந்துரைக்கும் புகழாளர்களும் அதற்கு விலக்கல்லர். மதுவின் பெயரைச் சோடாவுக்குச் சூட்டி மதுவையே நினைவூட்டும் பினாமி விளம்பரங்களை 2022ஆம் ஆண்டு வெளியான நெறிமுறைகள் விலக்கின.

இவையெல்லாம் வரவேற்கத்தக்கவை. எனினும் சட்டத்தின் கை பொய்யை மட்டுமே பிடிக்கும். இருவாரத்தில் உயரம் கூடும் என்று சொன்னால் சான்று எங்கே என்று கேட்கலாம். அண்டை வீட்டாரைப் பொறாமைப்பட வை என்று சொன்னால் எந்த நீதிமன்றத்தில் வழக்கிடுவது? அன்பைக் கடனாக்கியதற்கு எந்தப் பிரிவில் தண்டம் விதிப்பது? சட்டம் முடியும் இடத்தில் இல்லறம் தொடங்குகின்றது.

குடிபெயர்ந்தோர் இல்லம்

இங்கு நம்மைப் போன்று பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் குடும்பங்களின் நிலை சற்று வேறானது. ஊரில் ஒரு பொருள் வாங்குமுன் கேட்கத்தக்கவர் பலர் இருந்தனர். பாட்டி சொல்வார், அத்தை சொல்வார், மூன்று தலைமுறையாகப் பழகிய மளிகைக் கடைக்காரர், ‘இது வேண்டாம் அம்மா, சரக்கு சரியில்லை’ என்று தம் கடைப் பொருளையே தடுத்துச் சொல்வார். அவர்கள் எல்லாரையும் விட்டு, மாற்றல் உத்தரவோடும் இரண்டு பெட்டிகளோடும் வந்தவர்கள் நாம். புதிய நகரில், புதிய மொழியில், எந்த அரிசி நல்லது, எந்த எண்ணெய் நல்லது என்று சொல்ல உறவினர் இல்லை. காலியாக இருந்த அந்தப் பாட்டியின் இடத்தில் தொலைக்காட்சி வந்து அமர்ந்தது. விழா நாட்களில் பிரிந்த மகன் தாயிடம் திரும்புவதாகக் காட்டும் விளம்பரங்களைக் கண்டு ஊரிலிருப்போர் புன்னகை செய்வர். நம் கண்களோ நனைகின்றன. நம் தனிமையை அவர்கள் அறிவார்கள். அத்தனிமைக்கு ஓர் இனிப்புப் பெட்டியின் விலை குறித்திருக்கின்றார்கள்.

நம் பிள்ளைகளின் இடர் இன்னும் நுண்மையானது. வடபுலத்துப் பள்ளிகளில் பயிலும் நம் பெண் குழந்தைகள், தம் நிறத்தைப் பற்றிய கேலியை வகுப்பிலும் கேட்கின்றனர். வீட்டுக்கு வந்தால் திரையிலும் கேட்கின்றனர். இரு பக்கமும் ஒரே சொல் ஒலிக்கும்பொழுது மூன்றாவதாக ஒரு குரல் வேண்டும். அக்குரல் தாய் தந்தையின் குரலாக இருத்தல் வேண்டும். நாம் வாளாவிருந்தால், திரை சொன்னதற்கு நாமும் உடன்பட்டோம் என்றே குழந்தை கொள்ளும்.

செய்யத்தக்கது கடினமன்று. விளம்பரம் முடிந்ததும் குடும்பத்தோடு மூன்று வினாக்களை எழுப்பலாம். இது என்ன சொன்னது? என்ன காட்டியது? எதைச் சொல்லாமல் விட்டது? காட்டியதற்கும் சொன்னதற்கும் உள்ள இடைவெளியைப் பத்து வயதுக் குழந்தையும் எளிதில் கண்டுபிடிக்கும். கண்டுபிடிக்கும் மகிழ்ச்சியே அதற்குக் கவசமாகும்.

நம் இல்லங்களுக்கு வேறொரு வாய்ப்பும் உண்டு. இந்தியிலோ ஆங்கிலத்திலோ வரும் விளம்பரத்தை, ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டிக்குத் தமிழில் எடுத்துச் சொல்லுமாறு பிள்ளைகளைக் கேட்கலாம். மெட்டும் ஒளியும் மொழியின் மினுக்கும் உதிர்ந்து, செய்தி மட்டும் எஞ்சும். ‘இந்தப் பெட்டியை வாங்கினால் பக்கத்து வீட்டுக்காரர்கள் வயிறெரிவார்களாம், பாட்டி’ என்று தமிழில் சொல்லிப் பார்த்தால் சொல்பவனுக்கே சிரிப்பு வரும். ‘அதற்கு எதற்கடா பணம் கொடுக்க வேண்டும்?’ என்று பாட்டி கேட்பார். மறுத்துப் பேச அழைக்கும் கொடி திரையில் இல்லாவிடினும் நம் கூடத்தில் அவ்வாறு பறக்கலாம். பிள்ளைகளின் தமிழும் வளரும், தெளிவும் வளரும்.

இதனைக் காலந்தாழ்த்தாது செய்தல் நன்று. கூடத்துத் திரையை எல்லாரும் சேர்ந்து பார்த்தோம். ஆகவே சேர்ந்து சிரிக்கவும் மறுக்கவும் முடிந்தது. இன்று ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் தனித்தனித் திரை ஒளிர்கின்றது. எதைத் தேடினோம், எதில் நின்று பார்த்தோம் என்பதை அறிந்து, அவரவர்க்கென விளம்பரம் வருகின்றது. மகளுக்கு வந்த விளம்பரத்தைத் தாய் காண்பதில்லை. மறைவு மேலும் மறைந்துவிட்டது. கேட்கும் பழக்கத்தைக் கூடத்தில் பெற்ற பிள்ளையே அத்தனிமையிலும் கேட்கும்.

விழைவு மனிதனுக்கு இயல்பு. நல்ல பொருளை விரும்புவதும், உழைத்த பணத்தில் அதனை வாங்கி மகிழ்வதும் குற்றமாகா. அவ்விழைவு நம்முடையதாக இருத்தல் வேண்டும் என்பதே நாம் வலியுறுத்துவது. பிறர் நம் நெஞ்சில் இரவோடிரவாக நட்டுவிட்டுப் போன செடிக்கு நாம் நாள்தோறும் நீர் சுமக்க வேண்டியதில்லை. அது யார் நட்டது, என்ன காய் காய்க்கும் என்று கேட்ட பின், விரும்பினால் நீர் வார்க்கலாம். வேண்டாவிடின் பிடுங்கி எறியலாம். கேட்கும் உரிமையை மட்டும் எவருக்கும் விற்றுவிடலாகாது.